வளர்ப்பன்பும் வாய்மையும்

"வளர்த்தவரே பெற்றோர்" என்னும் தொடர் மேடையில் முழங்கும்பொழுது கைத்தட்டல் எழாத அவை அரிது. பெறாத பிள்ளையைப் பெற்ற பிள்ளையாய்ப் பேணும் உள்ளம் உயர்ந்த உள்ளமே; அதனை மறுப்பார் எவரும் இலர். ஆயினும், ஓர் உயர்ந்த தொடர் எவ்விடத்தில், எதன் பொருட்டுச் சொல்லப்படுகிறது என்பதைக் கருதியே அதன் மதிப்பை அளத்தல் வேண்டும். கடல் கடந்து வந்த ஒரு குழந்தையைக் குறித்து, "இதன் தாய் யார்? அவள் உயிரோடிருக்கிறாளா? மனமொப்பித்தான் கொடுத்தாளா?" என்று எவரேனும் வினவும்பொழுது, அவ்வினாவை அடக்குவதற்கு இத்தொடர் எடுத்து வீசப்படுமாயின், அது பூட்டாகிவிடுகிறது. அரை நூற்றாண்டுக்கு மேலாக உலகின் பல நாடுகளில் இப்பூட்டு துருவேறிக் கிடந்தது. அண்மை ஆண்டுகளிலேதான் ஒவ்வொன்றாக உடைபட்டு வருகிறது. உள்ளே இருந்து வெளிப்படுவன இனிய செய்திகள் அல்ல.

அமெரிக்காவின் ஓஹாயோ மாநிலத்தில் வாழும் ஒரு குடும்பத்தின் பட்டறிவு இவ்விடத்தில் எண்ணத்தக்கது. கணவன், மனைவி, அவர்கள் பெற்ற பிள்ளைகள் நால்வர். பிள்ளை இல்லை என்னும் ஏக்கத்தால் அவர்கள் தத்தெடுக்க முற்படவில்லை. ஆதரவற்ற ஓர் உயிருக்குத் தங்கள் வீட்டில் இடமுண்டு என்னும் அருளுணர்வே அவர்களை உந்தியது. 2015-ஆம் ஆண்டில் உகாண்டாவிலிருந்து ஆறு அகவைச் சிறுமி ஒருத்தியை அழைத்துவந்தனர். முகவர் நிறுவனம் வழங்கிய தாள்களில், தந்தை இறந்துவிட்டான் என்றும், தாய் பிள்ளையைப் பேணாது விட்டாள் என்றும் தெளிவாக எழுதப்பட்டிருந்தது. முத்திரை இருந்தது, கையொப்பம் இருந்தது, நீதிமன்ற ஆணையும் இருந்தது. ஐயுறுவதற்கு அங்கே என்ன இருந்தது?

சிறுமிக்கு ஆங்கிலம் நாவில் படியத் தொடங்கியபொழுதுதான் முதல் ஐயம் பிறந்தது. அவள் தன் தாயைப் பற்றிப் பேசினாள். தாளில் எழுதப்பட்டிருந்த கொடிய தாயைப் பற்றியன்று. தன்னை அன்போடு வளர்த்த தாயைப் பற்றி. ஆறு அகவைக் குழந்தைக்குக் கட்டுக்கதை புனையவும் தெரியும் என்று தட்டிக்கழித்திருக்கலாம். அக்குடும்பத்தார் அவ்வாறு செய்யவில்லை. ஆள் விட்டு உசாவினர். உண்மை துலங்கியது. தாய் உயிரோடிருந்தாள். தன் மகள் ஒரு நல்ல வாய்ப்பைப் பெற்றுக் கல்வி கற்கச் செல்கிறாள், ஒருநாள் தன்னிடமே திரும்புவாள் என்று நம்பியே அவள் அனுப்பியிருந்தாள். என்றைக்குமாகத் தாய்மை உரிமையை இழப்பதற்கு அவள் ஒப்பவில்லை. அப்படி ஒன்று நடக்கிறதென்றே அவளுக்குத் தெரியாது.

"வந்தது வந்துவிட்டது, இங்கே இருந்தால் அவளுக்கு வளமான வாழ்வு, வாய்மூடியிருங்கள்" என்னும் பாங்கில் அறிவுரை கூறியோரும் இருந்தனர். அக்குடும்பத்தார் செவிசாய்க்கவில்லை. தத்து நடவடிக்கையை நிறுத்தி, 2016-ஆம் ஆண்டில் சிறுமியை உகாண்டாவுக்கு அழைத்துச் சென்று அவள் தாயிடமே ஒப்படைத்தனர். ஓராண்டுக் காலம் தங்கையென்று கொண்டாடிய நான்கு பிள்ளைகளின் துயரமும், "அம்மா" என்றழைத்த குரலைத் தானே கொண்டுபோய் விட்டுவந்த ஒரு பெண்ணின் துயரமும் சிறியன அல்ல. ஆனால் அத்துயரத்தை ஏற்க மறுத்திருந்தால், அதே துயரம் வேறொரு தாயின் தலையில் வாழ்நாள் முழுதும் சுமத்தப்பட்டிருக்கும். 2020-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், உகாண்டாவின் நீதிபதிகள் இருவரும் வழக்குரைஞர் ஒருவரும் இத்தகைய பொய்த் தத்துகளுக்குத் துணைநின்றனர் என்று அமெரிக்க அரசு அறிவித்து, அவர்கள்மீது தடை விதித்தது. ஒரு குடும்பத்திற்கு நேர்ந்த தற்செயல் தவறு என்று ஒதுக்க இனி இடமில்லை.

இதில் ஆழ்ந்து நோக்கவேண்டிய செய்தி ஒன்று உண்டு. பிள்ளையை உற்றார் வீட்டில் விட்டுப் படிக்கவைப்பது தமிழர்க்குப் புதிதன்று. அத்தை வீட்டிலும் தாய்மாமன் வீட்டிலும் தங்கிப் படித்து முன்னேறியோர் ஊர்தோறும் உளர். பிள்ளையில்லாத பெரியம்மாவிடம் வளர்ந்த பிள்ளை, திருவிழாவுக்குத் தன் பெற்றோர் வீட்டிற்கு வந்துபோவது இயல்பு. அங்கே உறவு அறுவதில்லை, கூடுகிறது. ஆப்பிரிக்கச் சிற்றூர்களின் வழக்கமும் ஏறத்தாழ இதுவே. மேலைநாட்டுச் சட்டம் கூறும் முழுத்தத்து இதற்கு நேர்மாறானது: பெற்றோரின் உரிமை வேரோடு அறுக்கப்படும்; பெயர் மாறும்; பிறப்புச் சான்றும் மாறும். கொடுப்பவள் ஒன்றை எண்ணிக் கொடுக்கிறாள். கொள்பவர் வேறொன்றை எண்ணிக் கொள்கிறார். இரண்டிற்கும் நடுவே நிற்கும் தரகன் ஒருவனுக்கே இவ்விரு பொருளும் தெரியும். அவன் பிழைப்பு அவ்விடைவெளியில் நடக்கிறது.

பொய் எவ்வாறு மெய்யாகிறது என்பதை மாணவர் அறிந்துகொள்ளுதல் நலம். குழந்தையைக் கொணர்பவன் ஒரு கதை சொல்கிறான். காப்பகம் அக்கதையை ஒப்புதல் பத்திரமாக எழுதுகிறது. நீதிபதி குழந்தையின் தாயைக் காண்பதில்லை, பத்திரத்தைக் காண்கிறார். தூதரகம் பத்திரத்தைக் காண்பதில்லை. நீதிபதியின் ஆணையைக் காண்கிறது. தத்தெடுக்கும் குடும்பம் தூதரகத்தின் முத்திரையைக் காண்கிறது. ஒவ்வொருவரும் தமக்கு முந்தியவரை நம்புகிறார். அழுக்குத்துணி ஒவ்வொரு துறையிலும் அலசப்பட்டு இறுதியில் வெள்ளை வெளேரென்று கைக்கு வருவதுபோல, ஒரு திருட்டு, நேர்மையான பல கைகளின் வழியே சென்று அறச்செயலாகிவிடுகிறது. முதற் கையைத் தவிர மற்றவை யாவும் தூய கைகளாகவே இருத்தல் கூடும். ஆகவேதான், "எங்கள் தாள்கள் யாவும் ஒழுங்காக உள்ளன" என்று ஒரு குடும்பம் கூறுவது எதனையும் மெய்ப்பிப்பதில்லை.

இது தொலைநாட்டுக் கதை என்று தமிழர் ஆறுதல் கொள்ளவும் வழியில்லை. சென்னை மாநகரின் வடபகுதிக் குடிசைகளிலும் நடைபாதைகளிலும் 1998, 1999 ஆகிய ஆண்டுகளில் குழந்தைகள் காணாமற் போயின. வீட்டு வாயிலில் விளையாடிய குழந்தை. தாயருகே உறங்கிய குழந்தை. பெற்றோர் காவல் நிலையங்களுக்கும் கோயில்களுக்கும் குறிசொல்வோரிடமும் அலைந்தனர். ஏழையின் முறையீடு எத்துணை விரைவாகக் கேட்கப்படும் என்பதை விரித்துரைக்க வேண்டுவதில்லை. 2005-ஆம் ஆண்டில் ஒரு கடத்தற் கும்பல் பிடிபட்ட பின்னரே உண்மை வெளிப்பட்டது. குழந்தை ஒன்றுக்கு ஏறத்தாழ 10,000 ரூபாய் விலைபேசி, தத்துக் கொடுக்கும் உரிமம் பெற்ற காப்பகம் ஒன்றினிடம் அவர்கள் விற்றிருந்தனர். காப்பகத்தில் குழந்தைக்குப் புதுப்பெயர் சூட்டப்பட்டது. இல்லாத ஒரு தாயின் பெயரால் "வறுமையினால் மனமொப்பிக் கொடுக்கிறேன்" என்று பத்திரம் எழுதப்பட்டது. அக்காப்பகம் அனுப்பிய குழந்தைகள் அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் நெதர்லாந்திலும் வளர்ந்தனர். அங்கே அவர்களை ஏற்ற குடும்பங்கள், தாம் ஓர் ஏழைத் தாயின் சுமையைக் குறைத்ததாகவே நம்பின.

கூலிவேலை செய்து வாழ்ந்த ஒரு சென்னைத் தம்பதியர், தம் மகனெனத் தாம் கருதிய சிறுவனைத் தேடி 2010-ஆம் ஆண்டில் நெதர்லாந்து நீதிமன்றம் வரை சென்றனர். அவர்கள் பிள்ளையைப் பறித்துக்கொண்டு வரவேண்டும் என்று கேட்கவில்லை. அவன் தங்கள் பிள்ளைதானா என்று அறிய ஒரு மரபணுச் சோதனையே கேட்டனர். அது கிட்டவில்லை. பதின்பருவத்தின் வாயிலில் நிற்கும் ஒரு சிறுவனின் மனவமைதியைக் கெடுக்கலாகாது என்னும் கருத்து வென்றது. அக்கருத்தில் நியாயமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. அச்சிறுவன் எக்குற்றமும் அறியாதவன். ஆனால் மனவமைதி என்னும் அப்பொருள் கடலின் ஒரு கரையில் இருப்போர்க்கு மட்டும் உரியதாயிற்றே, அஃது எங்ஙனம்? பத்தாண்டுக்கு மேல் பிள்ளையைத் தேடியலைந்த தாயின் மனவமைதியை நிறுத்துப் பார்க்க அங்கே ஒரு தராசு இருந்ததா?

உகாண்டாவும் சென்னையும் சிறு கும்பல்களின் கைவரிசை என்று கொள்ளலாம். தென்கொரியாவிலோ அரசே முன்னின்றது. 1950-ஆம் ஆண்டுகளில் போரின் பின்விளைவாகத் தொடங்கிய குழந்தை ஏற்றுமதி (வேறு சொல் பொருந்தவில்லை), நாடு செல்வம் கொழிக்கத் தொடங்கிய பின்னரும் நிற்கவில்லை, பெருகியது. 1985-ஆம் ஆண்டில் மட்டும் 8,800-க்கு மேற்பட்ட குழந்தைகள் அயல்நாடுகளுக்கு அனுப்பப்பட்டனர். போர் முடிந்து முப்பது ஆண்டு கடந்தும் அநாதைகள் இத்துணைப் பேர் எங்கிருந்து வந்தனர்? பதில் ஏட்டில் இருக்கிறது. பெற்றோர் உள்ள குழந்தைகளையும் 'அநாதை' என்று தனிக் குடும்பப் பதிவேட்டில் எழுதினர். அப்பதிவேட்டின்படி, பால்குடி மறவாத ஒரு குழவி, தந்தையும் தாயும் உடன்பிறந்தாரும் இல்லாத ஒரு குடும்பத்திற்குத் தானே தலைவன்! அனுப்பவிருந்த குழந்தை இறந்துவிட்டாலோ, உற்றார் வந்து மீட்டுக்கொண்டாலோ, வேறொரு குழந்தையை அதே பெயரில் அதே தாள்களோடு விமானம் ஏற்றியதும் உண்டு. அப்படிச் சென்றவர், நாற்பது அகவையில் தம் வேரைத் தேடி வரும்பொழுது, தம் கையிலிருப்பது பிறிதொருவரின் வரலாறு என்று அறிகிறார். 2025-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் அந்நாட்டின் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம், தத்தனுப்பப்பட்டோரின் மனித உரிமைகளை அரசு மீறியது என்று முடிவுரைத்தது. அவ்வாண்டு அக்டோபரில் குடியரசுத் தலைவர் லீ ஜே-மியுங் மன்னிப்புக் கோரினார்.

இலங்கையின் கதை இன்னும் அருகில் உள்ளது. 1970, 1980-ஆம் ஆண்டுகளில் ஏறத்தாழ 11,000 குழந்தைகள் அத்தீவிலிருந்து ஐரோப்பிய நாடுகளுக்குச் சென்றனர். நீதிமன்றத்தின் முன்னும் தத்தெடுக்க வந்த வெள்ளையர் முன்னும் நின்று, "நானே இதன் தாய்" என்று கூறி அழுவதற்குப் பணம் கொடுத்துப் பெண்கள் அமர்த்தப்பட்டனர். நாடகமேடையில் தாய் வேடம் தாங்குவோர் உண்டு. நீதிமன்றத்தில் தாய் வேடம் தாங்கியோர் இவர்கள். குழந்தைகளை விற்பனைக்கென்றே திரட்டிவைத்த பண்ணைகள் வெளிப்பட்டதும், 1987-இல் அரசு இடைக்காலத் தடை விதித்தது. இன்று அக்குழந்தைகள் நடுவயதினர். தாளில் உள்ள பெயரைக் கொண்டு ஒரு மூதாட்டியைத் தேடிக் கண்டு, கட்டித் தழுவி அழுத பின்னர், மரபணுச் சோதனையில் அவள் தாயல்லள் என்று அறிந்து மீண்டோர் பலர். இரண்டாம் முறை தாயை இழப்பது என்பது இதுதான்.

இத்துணையும் அறிந்த பின்னரும், "தெருவில் கிடந்து மடிவதற்கு அயல்நாட்டில் வாழ்வது மேலன்றோ?" என்று கேட்போர் உளர். பசியால் வாடும் குழந்தைக்கு அறநூல் ஓதுவதால் பயனில்லை என்பதும் அவர்தம் கூற்று. கேள்வி வலிவுடையதுபோல் தோன்றும். ஆயின், மேலே கண்ட குழந்தைகளுள் தெருவில் மடிந்துகொண்டிருந்தது எது? உகாண்டாச் சிறுமிக்கு வீடு இருந்தது, தாய் இருந்தாள். சென்னைக் குழந்தைகள் தாயின் அருகிலிருந்தே எடுக்கப்பட்டன. அயல்நாட்டுத் தத்துக்குச் செலவிடும் தொகை அமெரிக்கப் பணத்தில் பல்லாயிரம். அதில் ஒரு சிறு பங்கு அத்தாயின் கைக்குச் சென்றிருந்தால் அவள் பிள்ளையைத் தானே படிக்கவைத்திருப்பாள். வறுமை ஒரு தாயைத் தகுதியற்றவள் ஆக்குமாயின், தமிழர் பெரும்பான்மையோரின் பாட்டிமார் தகுதியற்றவரே. பால்வெட்டுக்குச் செல்லும்பொழுது குழந்தையைப் பிள்ளைக் கொட்டகையில் விட்டுச் சென்றவர்கள், அரைவயிற்றுக் கஞ்சியில் நான்கு பிள்ளைகளை ஆளாக்கியவர்கள், அவர்கள் மடியிலிருந்து பிள்ளைகளை எடுத்துச் சென்று, "மீட்டோம்" என்று எவரேனும் சொல்லியிருந்தால் வரலாறு அவரை எவ்வாறு அழைத்திருக்கும்?

உண்மையிலேயே எவருமற்ற குழந்தைகள் உலகில் இல்லை என்பது வாதமன்று. உளர். காப்பகச் சுவர்களுக்குள் வளர்வதினும் ஒரு குடும்பத்தில் வளர்வதே அவர்க்கு நலம். ஆனால் ஒரு குழந்தை எவருமற்றது என்பதைத் தேடி அறிந்த பின்னரே சொல்லுதல் வேண்டும். தேடாமலே எழுதுதல் கூடாது. அயல்நாட்டுத் தத்து பற்றி 1984-ஆம் ஆண்டில் இந்திய உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, வழக்குரைஞர் ஒருவர் எழுதிய கடிதத்தையே வழக்காக ஏற்று எழுந்தது. பெற்றோர் தம் முடிவை மீண்டும் எண்ணிப்பார்க்கக் காலம் தரவேண்டும், உள்நாட்டுக் குடும்பத்திற்கே முதலிடம் தரவேண்டும் என்றெல்லாம் அது வகுத்தது. 1993-ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கையும் அவ்வழியே சென்றது. பெற்றோரின் ஒப்புதல் பணத்தால் வாங்கப்பட்டதாக இருத்தல் ஆகாது என்றும், குழந்தையின் தோற்றம் பற்றிய செய்திகளைப் பேணிக்காக்க வேண்டும் என்றும் கூறியது. விதிகள் நல்லவை. சென்னைக் கடத்தல் 1984-ஆம் ஆண்டுத் தீர்ப்புக்குப் பின்னர், அத்தீர்ப்பின் கீழ் உரிமம் பெற்ற காப்பகத்தின் வழியாகவே நடந்தது என்பதை மறத்தலாகாது. தாளை மட்டும் கேட்கும் விதி தாளை மட்டுமே பெறும்.

அடுத்து எழுவது மென்மையான மறுப்பு. ஆகவே மிக இடர்தருவதும் அதுவே. "உண்மையைச் சொன்னால் பிள்ளையின் மனம் புண்படுமே, மறைத்துவிட்டால் மகிழ்ந்திருக்குமே" என்பர் அன்புடைய பெற்றோர். இவர்களுக்கு விடைகூறத் தமிழாசிரியர் மேலைநாட்டு உளநூலைப் புரட்டவேண்டியதில்லை. கர்ணனை எண்ணிப்பார்த்தல் போதும். பேழையில் மிதந்து வந்த அவனை எடுத்து வளர்த்த அதிரதனும் இராதையும் அன்பில் குறைந்தவர் அல்லர். இராதேயன் என்னும் பெயரை அவன் இறுதிவரை பெருமையோடு தாங்கினான். அவன் வாழ்வைக் கெடுத்தது வளர்ப்பு அன்று. அறிந்தோர் அறியாதார்போல் இருந்ததும், அவையில் அவன் குலம் வினவப்பட்டபொழுது உண்மை உரைக்க வேண்டியவள் வாய்திறவாது இருந்ததும், போர் மூளும் வேளையில் தன்னலம் கருதி அவ்வுண்மை அவனிடம் சொல்லப்பட்டதுமே அவனை அழித்தன. உண்மை அவனுக்கு உரிய காலத்தில் கிடைக்கவில்லை. பிறர்க்கு வேண்டிய காலத்தில் கிடைத்தது.

இதற்கு எதிர்முனையில் கபிலர் நிற்கிறார். பறம்பு வீழ்ந்தபின் பாரியின் மகளிர் இருவரையும் அழைத்துக்கொண்டு அவர் அரசர்தம் வாயில்களுக்குச் சென்றார். அவர்கள் யார் என்பதை அவர் எங்கும் மறைக்கவில்லை. வேந்தரின் பகைக்கு ஆளான ஒருவனின் மகளிர் என்று சொல்வது ஊறு விளைக்கும் என்பதை அறியாதவரல்லர் அவர். ஆயினும் இருங்கோவேளின் முன் நின்று, இவர்கள் பாரி மகளிர் என்று முதலில் கூறினார். தாம் அவர்தம் தந்தையின் தோழர், ஆகையால் இவர்கள் தம் மகளிர் என்று அடுத்துக் கூறினார். புறநானூற்றின் இருநூற்றோராம் பாட்டில் இச்செய்தி உள்ளது. இரண்டு கூற்றும் ஒரே மூச்சில் வருகின்றன. ஒன்று மற்றொன்றைப் பொய்யாக்கவில்லை. தத்தெடுத்த ஒருவர் கற்றுக்கொள்ள வேண்டிய மொழி அதுவே: இவள் இன்னாரின் மகள், இவள் என் மகள். பாடத்திட்டத்தில் கபிலரின் நட்பைப் பற்றி ஆண்டுதோறும் வினாக் கேட்கப்படுகிறது. இவ்வினா மட்டும் கேட்கப்படவில்லை.

மலேசியத் தோட்டப்புறங்களில் இம்மொழி ஒருகாலத்தில் பேசப்பட்டே வந்தது. சீனக் குடும்பங்கள் வளர்க்க இயலாது கொடுத்த பெண்குழந்தைகளைத் தமிழ்க் குடும்பங்கள் ஏற்று வளர்த்தன. அவர்கள் தமிழ் பேசி, சேலை உடுத்து, பொங்கல் வைத்து, தமிழரை மணந்து, இன்று பேரன் பேத்தி எடுத்துள்ளனர். முகமே சான்றாக இருந்தமையால் அங்கே மறைப்பதற்கு இடமில்லை. லயம் முழுவதும் அறிந்திருந்தது. அவ்வன்பைப் போற்றுதல் தகும். ஆயினும் அங்கும் தாள் குறைவாகவே இருந்தது என்பதைக் கூறாது விடுதல் நேர்மையாகாது. தம்மைப் பெற்றவளின் பெயர்கூட அறியாது மூப்பெய்திய பெண்கள் பலர். முறையாகப் பதியாது விட்டமையால் குடியுரிமைக்காக அலைந்தோரும் உண்டு. 1952-ஆம் ஆண்டின் மலேசியத் தத்தெடுப்புச் சட்டத்தின்படி பெறும் ஆணை பிள்ளையை அக்குடும்பத்தின் பிள்ளையாக்கும். தானாகவே நாட்டின் குடிமகனாக்கிவிடாது. "எங்கள் பிள்ளைதானே" என்று அன்போடு தலைதடவி, பதிவு அலுவலகத்திற்குப் போவதை நாளைக்கு நாளை தள்ளிப்போட்ட பெற்றோர், பன்னிரண்டாம் அகவையில் அடையாள அட்டைக்கு மனுச் செய்யும்பொழுதே தம் அன்பில் இருந்த ஓட்டையைக் காண்கின்றனர்.

இன்றைய நிலை அதனினும் கவலைக்குரியது. 2025-ஆம் ஆண்டு சூலையில், இந்தோனேசியாவின் மேற்கு ஜாவாக் காவல்துறை ஒரு குழந்தை வணிகக் கும்பலைப் பிடித்தது. 2023 முதல் குறைந்தது 25 குழந்தைகள் கைமாறியிருந்தனர். அவர்களுள் பலர் சிங்கப்பூர்க்கு அனுப்பப்பட்டதாகக் காவல்துறை கூறியது. தாயின் வயிற்றில் இருக்கும்பொழுதே விலைபேசப்பட்ட குழந்தைகளும் அவற்றுள் உண்டு. முறை பழையதே: குழந்தையை வேறொரு குடும்பத்தின் அட்டையில் அக்குடும்பத்துப் பிள்ளையாக எழுதுவது, அதனைக் கொண்டு கடப்பிதழ் எடுப்பது. கொரியாவில் குடும்பமே இல்லையென்று எழுதினர். இங்கே இல்லாத குடும்பத்தை எழுதினர். சிங்கப்பூரில் இக்குழந்தைகளை ஏற்ற குடும்பங்கள் அனைத்தும் தெரிந்தே செய்தன என்று கூறுவது அநீதி. தெரிந்துகொள்ள விரும்பினவா என்று கேட்பது அநீதியாகாது.

சிங்கப்பூரில் 2024 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம் பல ஓட்டைகளை அடைத்துள்ளது. நீதிமன்றம் ஒப்பாத பணம் கைமாறலாகாது என்பது இரு நாட்டுச் சட்டங்களிலும் நெடுங்காலமாக உள்ளது. ஆனால் "மருத்துவச் செலவு", "நன்கொடை", "பயணச் செலவு" என்னும் பெயர்களில் பணம் எங்கும் நடக்கும். முகவர் ஒரு தொகையைக் கேட்கும்பொழுது, "இதில் தாய்க்கு எவ்வளவு? உங்களுக்கு எவ்வளவு?" என்று கேட்க நாணும் குடும்பங்கள், வீடு வாங்கும்பொழுது தரகுக் கூலியைக் காசு காசாகப் பேரம் பேசத் தயங்குவதில்லை. அத்தாயை நேரில் காணவேண்டும், அவள் மொழி அறிந்த ஒருவரைத் தாமே அழைத்துச் சென்று பேசவேண்டும் என்று ஒரு குடும்பம் வற்புறுத்தினால் முகவர் முகம் சுளிப்பார். சுளிக்கட்டும். எந்த முகவர் சுளிக்கிறாரோ அவரிடமிருந்து எழுந்து வந்துவிடலாம் என்பதற்கு அதுவே அடையாளம்.

இனி, கதவையே அடைத்துவிட்டால் என்ன என்று கேட்கும் நாடுகள் பெருகிவருகின்றன. ஐந்து நாடுகளிலிருந்து வந்த தத்துகளை ஆராய்ந்த குழுவின் அறிக்கை 2021 பிப்ரவரியில் வெளிவந்ததும், நெதர்லாந்து அயல்நாட்டுத் தத்தை உடனே நிறுத்திவைத்தது. இடையில் கட்டுப்பாடுகளோடு திறந்து, பின்னர் 2024-இல் படிப்படியாக முடிவுக்குக் கொணர்வதென்று முடிவு செய்தது. 1992 முதல் 1,60,000-க்கு மேற்பட்ட குழந்தைகளை வெளிநாடுகளுக்குத் தந்த சீனா, உறவினர் தத்து போன்ற சிலவற்றைத் தவிர, 2024-இல் கதவை மூடிக்கொண்டது. இம்முடிவுகளைக் குறைகூறுதல் எளிதன்று. ஆனால் கதவை மூடுவது ஒன்று. கோப்பைத் திறப்பது மற்றொன்று. முன்னதைச் செய்த அரசுகள் பின்னதைச் செய்யச் சுணங்குகின்றன. இனி வாராத குழந்தைகளைக் காப்பதாகப் பெருமை பேசும்பொழுது, முன்னரே வந்து இன்று ஐம்பது அகவையை நெருங்கி நிற்பவர்கள், தம் பெயர் எழுதிய பழைய ஏட்டின் ஒரு படிக்காக அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்குகின்றனர்.

குடும்பங்கள் அரசுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. தத்தெடுக்கும் நாளில் கையிலிருக்கும் ஒவ்வொன்றையும், மூல மொழியில் உள்ள தாள், மருத்துவமனையின் பெயர், தாதியின் பெயர், ஊரின் பெயர், முகவருக்குக் கொடுத்த பணத்தின் பற்றுச்சீட்டு, குழந்தை உடுத்திவந்த துணி, தாயின் படம் ஒன்று கிடைத்தால் அதனையும், ஒரு பெட்டியில் இட்டுக் காக்கவேண்டும். "இவற்றைக் கண்டால் பிள்ளை போய்விடுமோ" என்னும் அச்சத்தில் எரித்தவர்களும் உளர். எரித்தவர்களின் பிள்ளைகளே பிற்காலத்தில் நெடுந்தொலைவு சென்றுவிட்டனர் என்பதை அக்குடும்பங்களை அறிந்தோர் அறிவர்.

ஆசிரியர்க்கும் இதில் பணி உண்டு. தொடக்கப்பள்ளியில் குடும்ப மரம் வரையும் பயிற்சி நடைபெறுகிறது. தாத்தா, பாட்டி, தந்தை, தாய் என்று கட்டங்கள் முன்னரே அச்சிடப்பட்டிருக்கின்றன. மேடானிலோ பாண்டுங்கிலோ பிறந்து, ஜொகூரிலோ ஈசூனிலோ தமிழ்க் குடும்பத்தில் வளரும் ஒரு குழந்தை அவ்வகுப்பில் அமர்ந்திருக்கக்கூடும். அக்குழந்தை கட்டத்தை வெறுமையாக விட்டால், "அப்பா பெயரை எழுது" என்று வகுப்பறிய அதட்டாதிருத்தல் வேண்டும். வீட்டில் உண்மை சொல்லப்பட்ட குழந்தையாயின், அது கட்டத்திற்கு வெளியே இன்னொரு கோடு இழுத்து, அறியாத ஊரில் இருக்கும் ஒருத்தியையும் வரைந்து வரும். அம்மரம் பாடநூலில் உள்ள மரம்போல் இராது. அதன்மேல் சிவப்பு மை படாதிருக்கட்டும்.